உருளும் வீட்டிற்குப் பூட்டு

ஊருக்குப் புறப்படுகிறவர்கள் வீட்டைப் பூட்டி, பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குவது வழக்கம். வீட்டையே உருட்டிக்கொண்டு புறப்படுகிறவர்கள் எதைப் பூட்டுவது? 2023-ம் ஆண்டு ஜூன் மாதத்து நண்பகல் ஒன்று வரையில் இக்கேள்வி எங்களுக்கு வேடிக்கையாகவே தோன்றி வந்தது.

எங்கள் அண்ணன் ஜெர்மனியில் டுசல்டார்ப் நகருக்கு அருகே நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நாங்களும் அப்பகுதியிலேயே குடியிருக்கிறோம். ஓய்வு பெற்ற கையோடு அண்ணன் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கினார். முன்பாதி சரக்கு வேன். பின்பாதி படுக்கை, காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் அடங்கிய சிறு வீடு. ஜெர்மானியர் இதனை 'வோன்மொபில்' என்பர். அண்ணிக்கு அது 'வீட்டுவண்டி'. அப்பெயரே எங்களிடையே நிலைத்துவிட்டது.

அண்ணன், அண்ணி, நாங்கள் இருவர் என நால்வருமாக அவ்வண்டியில் தெற்கு பிரான்ஸ் நோக்கிப் புறப்பட்டோம். லியோன் நகரைக் கடந்தபின் ரோன் ஆற்றை ஒட்டியே சாலை இறங்குகிறது. மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும் இதற்குச் 'சூரியப் பெருஞ்சாலை' என்று பெயர். வலான்ஸ் நகர் தாண்டியதும் வெயிலின் நிறமே மாறிவிடுகிறது. கூரைகள் ஓட்டுச் சிவப்பாகின்றன. வயல் வரப்புகளில் ஊசிபோல் சைப்ரஸ் மரங்கள் எழுகின்றன. ஆற்றின் மறுகரையில், க்ருவாஸ் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரமொன்றில் விளையாடும் குழந்தையின் மாபெரும் ஓவியத்தைக் கண்டு அண்ணி வியந்துகொண்டே வந்தார். அடுத்த ஊர் மோந்தேலிமார். பாதாம்பருப்பும் தேனும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் செய்யும் நூகா மிட்டாய்க்குப் பெயர் பெற்ற ஊர் அது.

அந்த மிட்டாயை வாங்கவே சாலையோர ஓய்விடமொன்றில் வண்டியை நிறுத்தினோம். கதவுகளைப் பூட்டிவிட்டுத்தான் சென்றோம். இருபது நிமிடம் கழிந்திருக்கலாம். திரும்பி வந்தபோது ஓட்டுநருக்கு அடுத்த கதவின் கைப்பிடிக்குக் கீழே, கட்டைவிரல் நுழையும் அளவில் ஒரு துளை! கண்ணாடி உடையவில்லை, ஓசை கேட்டவர் எவருமில்லை. இருக்கையின் அடியிலிருந்த அண்ணியின் கைப்பையைக் காணோம். அதில் பணம் அதிகமில்லை. ஆனால் அவருடைய நீரிழிவு மாத்திரைகளும், மூக்குக் கண்ணாடியும், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியின் மாற்றுச் சாவியும் அதற்குள் இருந்தன.

சாவி திருடனிடம், வண்டி எங்களிடம். அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை யார் அறிவார்? காவலரிடம் புகார் எழுதிக் கொடுத்து, மருந்துக்கடையில் அண்ணியின் நிலையை விளக்கி மாத்திரை பெற்று, கடலைக் காணாமலே திரும்பினோம். வீடு வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர். இரவில் இருவர் உறங்க, இருவர் விழித்திருந்தோம்.

ஆகஸ்டு இறுதியில் டுசல்டார்பில் நடைபெறும் காரவான் கண்காட்சிக்கு அண்ணன் எங்களை அழைத்துச் சென்றார். வீட்டுவண்டிகளுக்கென உலகில் நடைபெறும் கண்காட்சிகளுள் இதுவே மிகப் பெரியது. விமான நிலையத்துக்கும் ரைன் ஆற்றுக்கும் இடையே, மண்டபத்துக்குப் பின் மண்டபமாக நீளும் வளாகம். வருகிறவர்களும் தம் வீட்டுவண்டியிலேயே வந்து, அருகிலுள்ள பெரிய நிறுத்துமிடத்தில் தங்கி, காலையில் குளித்து உலாவ வருகின்றனர். சக்கரம் பூட்டிய ஒரு நகரமே அங்கே எழுந்துவிடுகிறது எனலாம். கோடிக்கணக்கில் விலைபோகும் வண்டிகளின் முன் கூட்டம் மொய்த்தது. நாங்களோ துணைப்பொருள் மண்டபத்தில் பூட்டுக் கடைகளையே சுற்றி வந்தோம்.

அண்ணன் ஒரு கோட்டையைக் கட்டும் எண்ணத்துடன் வந்திருந்தார். முதலில் அவர் கையில் எடுத்தது ஸ்டியரிங்கின் குறுக்கே மாட்டும் நீண்ட இரும்புத் தடி. பளிச்சென்ற நிறம், பார்த்தவுடனே திருடன் வேறு வண்டிக்குப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. அதில் உண்மையும் உண்டு. எனினும் தடி எவ்வளவு உறுதியானதாயினும், அது பற்றியிருக்கும் ஸ்டியரிங் வளையம் மென்மையானது. வளையத்தை ரம்பத்தால் அறுத்துத் தடியைக் கழற்றிவிடலாம். வளையம் முழுவதையும் தட்டுப்போல மூடும் பூட்டில் இவ்வழி அடைபடுகிறது. இன்னொன்றும் உண்டு. இரவில் வீட்டுவண்டிக்காரர் முன்கண்ணாடியை உட்புறம் திரையிட்டு மூடிவிடுவர். திரைக்குப் பின்னால் இருக்கும் பளிச்சென்ற நிறம் யாரை அச்சுறுத்தும்?

காரில் கியரையும் கைப்பிரேக்கையும் சேர்த்துப் பூட்டும் கருவி எங்களுக்குப் பயன்படவில்லை. எங்கள் வண்டியில் கியர் டாஷ்போர்டில் இருக்கிறது, கைப்பிரேக் இருக்கையின் மறுபுறத்தில். இரண்டும் எட்டாத சம்பந்திகள். கிளட்சு மிதியைப் பூட்டும் கருவி வலுவானதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மண்டியிட்டுக் குனிந்து மாட்டவேண்டும். அண்ணனின் முழங்கால் வலியைக் கருதி, "மூன்றாம் நாளே இதை அலமாரியில் வைத்துவிடுவீர்கள்" என்றார் அண்ணி. எங்களுக்கும் அவர் சொன்னதே சரியெனப் பட்டது. சோம்பல் வந்த நாளில் மாட்டாமல் விடப்படும் பூட்டு, விலை எவ்வளவாயினும், வெறும் இரும்பே.

இரும்புக்கும் கணக்குண்டு. இவ்வகை வண்டிகளுள் பெரும்பாலானவை, சாதாரண கார் உரிமத்துடன் ஓட்டத்தக்க 3,500 கிலோ வரம்புக்குள் அமைந்தவை. நால்வரும் நீரும் காஸ் உருளையும் ஏறியபின் மிஞ்சுவது சொற்பமே. சக்கரத்தைக் கவ்வும் கனத்த இரும்புப் பூட்டை அதற்காகவே பயணத்துக்கு வேண்டாமென்று ஒதுக்கினோம், ஆயினும் வாங்கினோம். ஏனெனில் திருட்டு இருவகை. வழியில் நிற்கும்போது வண்டிக்குள்ளிருந்து திருடுவது ஒன்று. வண்டியையே ஓட்டிச் செல்வது மற்றொன்று. முன்னது எங்களுக்கு ரோன் கரையில் நேர்ந்தது. பின்னதற்கு, மாதக்கணக்கில் எவரும் எட்டிப் பாராமல் நிற்கும் குளிர்காலமே ஏற்ற காலம். 1997 முதல் ஜெர்மனியில் பருவகால எண்பலகை வழக்கத்தில் இருப்பதால், பலர் குளிர்காலம் முழுதும் வண்டியைச் சாலையில் இறக்காமல் விவசாயிகளின் கொட்டகைகளில் விட்டுவைக்கின்றனர். சக்கரப் பூட்டின் இடம் அதுவே. (மார்ச் மாதத்தில் அதைக் கழற்ற மறந்து அண்ணன் வண்டியைக் கிளப்பியதும், சக்கரத்தின் மேல்தகடு நசுங்கியதும் தனிக்கதை. இப்போது ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி தொங்குகிறது.)

பூட்டின் தரத்தை விற்பவர் சொல்லைக் கொண்டு முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதும் அங்கே தெரியவந்தது. பிரிட்டனில் 1992-ல் காவல்துறையினரால் தொடங்கப்பட்ட 'சோல்டு செக்யூர்' என்னும் அமைப்பு, குறித்த கருவிகளைக் கொண்டு குறித்த நேரம் தாக்கிப் பார்த்தே பூட்டுகளுக்குத் தரம் வழங்குகிறது: வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம். உடைக்கவே முடியாத பூட்டு என எதற்கும் அது சான்றளிப்பதில்லை. எத்தனை நிமிடம் தாங்கும் என்பதே கணக்கு.

இனி கதவுகள். முன்கதவுகள் சரக்கு வேன்களுக்கு உரியவை. அதே கதவு தெருவெங்கும் பொருள் விநியோகிக்கும் வேன்களிலும் இருப்பதால், அதன் பூட்டு எங்கே இருக்கிறது, எங்கே குத்தினால் திறக்கும் என்பது திருடருக்குப் பாடம். இதற்கெனக் கதவின் உட்புறத்தில் பொருத்தி, உள்ளிருந்தே திருப்பிப் பூட்டும் எஃகுப் பூட்டுகள் உள்ளன. வெளியில் துளையிட்டுக் கதவின் சொந்தப் பூட்டைத் திறந்தாலும் இது விடாது. இரு கதவுக்குமாகச் சில நூறு யூரோ, தயங்காமல் வாங்கினோம்.

வசிப்பிடக் கதவுக்கு வெளியே, ஏறும்போது பற்றிக்கொள்ளும் கைப்பிடியே திருப்பினால் குறுக்குச் சட்டமாகிப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு மிகப் பொருத்தமாயிருந்தது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம். வண்டியின் சுவர் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் தடிமன். வெளியே மெல்லிய தகடு, நடுவே நுரை, உள்ளே மெல்லிய பலகை. திருகாணியை நுரையில் முறுக்கினால் ஒரே இழுப்பில் பூட்டோடு பெயர்ந்து வரும். உட்புறம் எஃகுத் தட்டு வைத்துப் போல்ட்டால் முடுக்கவேண்டும். துளையைச் சுற்றி நீர் புகாப் பசையும் தடவவேண்டும். இல்லையேல் திருடன் வராவிட்டாலும் மழை நுழைந்து சுவரை உளுக்கச் செய்யும்.

அண்ணன் இத்துடன் அமைதியடையவில்லை. இரவில் முன்கதவுகள் இரண்டையும் நாடாவால் ஒன்றோடொன்று இறுகக் கட்டுவது, வசிப்பிடக் கதவுக்கு உள்ளே சாவிப்பூட்டு ஒன்று போடுவது, சாவியைத் தலையணைக்கு அடியில் வைப்பது என்று திட்டமிட்டார். அப்போதுதான் அண்ணி முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "காஸ் அடுப்பில் சமைப்பவள் நான். நெருப்புப் பிடித்தால் இருட்டில் உங்கள் தலையணையைத் தேடுவேனா, கதவைத் தேடுவேனா? திருடன் கைப்பையைத்தானே கொண்டுபோனான்!" கடைக்காரருக்குத் தமிழ் விளங்கவில்லை; விஷயம் விளங்கிவிட்டது போலும். சாவியின்றி உள்ளிருந்து ஒரே திருப்பில் திறக்கும் குமிழ்ப் பூட்டை எடுத்து அவர் அண்ணியிடம் நீட்டினார். அண்ணன் எதுவும் பேசாமல் பணப்பையைத் திறந்தார்.

பக்கத்துக் கடையில் மயக்கவாயு எச்சரிப்புக் கருவி விற்றார்கள். திருடர் இரவில் வண்டிக்குள் வாயுவைச் செலுத்தி மயக்கிவிட்டுத் திருடுவதாக முகாம்களில் ஓயாமல் பேசப்படுகிறது. ஜன்னல் வழியே ஈதரையோ குளோரோபாரத்தையோ ஊதி, உறங்குவோர் அறியாதபடி அவர்களை மயக்குவது இயலாது என்பது பிரிட்டனின் மயக்கமருந்து மருத்துவர் கழகத்தின் தெளிவான கருத்து. அதைச் சொன்னோம். அண்ணனுக்கு அரை மனது. சமையல் காஸ் கசிவை அறிவிக்கும் கருவியாக மட்டும் ஒன்றை வாங்கி வைத்தார்.

கடைசியாக, இருக்கையின் அடிச்சட்டத்தில் போல்ட்டால் இறுக்கும் சிறு எஃகுப் பெட்டி ஒன்று. மாற்றுச் சாவியின் இடம் இனி அதுவன்று, அது அண்ணனின் இடுப்புப் பையில். கடவுச்சீட்டுகளும் மாத்திரைகளில் பாதியும் பெட்டிக்குள்.

2024 செப்டம்பரில் அதே சாலையில் மீண்டும் இறங்கினோம். இம்முறை பெருஞ்சாலை ஓய்விடத்தில் உறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். ஓய்விடத்தில் இறங்க நேர்ந்தால் ஒருவராவது வண்டியில் இருப்போம். 'பிரான்ஸ் பாசியோன்' என்னும் அமைப்பில் உறுப்பினரானால், விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரரும் தங்கள் நிலத்தில் ஓரிரவு கட்டணமின்றி வண்டியை நிறுத்த இடம் தருகின்றனர். அவ்வாறு நாங்கள் தங்கியது ஷாத்தோநெப் தூ பாப் ஊருக்கு அருகில். 'பாப்பரசரின் புதிய கோட்டை' என்பது அப்பெயரின் பொருள். அவிஞ்ஞோனில் பாப்பரசர்கள் வசித்த 14-ம் நூற்றாண்டில், 22-ம் அருளப்பர் கட்டுவித்தது. குன்றின்மேல் இப்போது நிற்பது ஒரு பகுதிச் சுவர் மட்டுமே. மாலை வெயிலில் அதன் வழியே வானம் தெரிந்தது.

நள்ளிரவில் மிஸ்ட்ரால் காற்று எழுந்தது. ரோன் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து விரைந்து இறங்கும் காற்று அது. வண்டி ஆடியது. திடீரெனப் பக்கவாட்டில் 'தட், தட்' என்று யாரோ தட்டும் ஓசை. நால்வரும் விழித்துக்கொண்டோம். "திறக்காதே!" என்று அண்ணன் கிசுகிசுத்தார். விளக்கில்லை. ஜன்னல் திரையை விரலளவு விலக்கி அண்ணி வெளியே நோக்கினார். பின்னர் குமிழைத் திருப்பும் ஓசை கேட்டது. கதவு திறந்து குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. தண்ணீர் நிரப்பிய பின் சுருட்டி வைக்க மறந்த ரப்பர்க் குழாய் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எடுத்துவந்த அண்ணி, "ஆறு எண்ணுவதற்குள் திறந்துவிட்டேன்" என்றார். அண்ணன் எழுந்து சென்று, மறுபடி பூட்டிவிட்டு வந்து படுத்தார்.