“முதல்ல உட்காரக் கத்துக்கலாம்!” - மயிலாப்பூர் யோகா ஸ்டூடியோவில் ஒரு காலை

“எழுந்து போய் மேல உட்காரு கண்ணு. உன்னால முடியாது” என்று பாட்டி சொன்னபோது, நான் சாம்பார் சாதத்தைக்கூட முடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது பாட்டி மட்டும்தான். போன வருடம் வரை தாத்தாவும் கூட இருந்தார். இருவரும் கூடத்தில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடி சாப்பிடுவார்கள். இப்போது பாட்டி தனியாகச் சாப்பிடுகிறார். நாங்கள் டைனிங் டேபிளில்.

ஒரு ராத்திரி மனசு கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடம்தான். முதுகு கூன் போட்டுவிட்டது, முட்டி இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன, வலது கால் மரத்துப்போனது. பாட்டிக்கு 78 வயது. எனக்கு 25!

அந்த வாரம்தான் ஆபீஸ் தோழி ஒருத்தி, மயிலாப்பூரில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு யோகா ஸ்டூடியோவைப் பற்றிச் சொன்னாள். முதல் கிளாஸுக்கு 300 ரூபாய். ‘வெறும் வயிற்றுடன் வரவும், தளர்வான உடை போதும்’ என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. சரி, போய்த்தான் பார்ப்போமே!

தைலத்துக்குப் பக்கத்தில் யோகா

சனிக்கிழமை காலை ஆறு மணி. லஸ் கார்னரில் மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு லஸ் சர்ச் ரோட்டுக்குள் நுழைந்தால், நாகேஸ்வர ராவ் பூங்கா அதற்குள் களைகட்டியிருந்தது. வாக்கிங் போகிறவர்கள், பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர்கள், ஷட்டில் ஆடுகிறவர்கள். அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் இருக்கும் பூங்கா இது. தலைவலிக்குத் தைலம் கொடுத்தவர் பெயரைத் தாண்டித்தான் முதுகுவலிக்காரர்கள் யோகாவுக்குப் போகிறோம்!

ஸ்டூடியோ ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் மரத்தரை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு கண்ணாடிகூட இல்லை. அதற்குப் பதில் அலமாரி நிறைய மடித்து வைத்த போர்வைகள், மரக்கட்டைகள், பெல்ட்டுகள், மடக்கு நாற்காலிகள்.

ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, எங்கே வலி என்று ஒரு படிவம். அதைப் படித்த டீச்சர், “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நாற்காலியில இருப்பீங்க?” என்றார். ஆபீஸ், பஸ், வீட்டுக்கு வந்து சோபா... விரல்விட்டு எண்ணி, “பன்னிரண்டு” என்றேன். அவர் ஆச்சர்யப்படவே இல்லை.

எட்டுப் பேர், எட்டு விதம்

மொத்தம் எட்டுப் பேர். தலைகீழாக நிற்கச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே போன எனக்கு, முதல் 20 நிமிடமும் ஒரே வேலைதான். மூச்சை இழுத்தபடி கையைத் தூக்கு, விட்டபடி இறக்கு. கேட்க எளிதாக இருக்கிறதா? மூச்சும் கையும் ஒன்றாக முடிய எனக்கு ஏழெட்டு முறை ஆனது.

பக்கத்து மேட்டில் 67 வயது மாமி. சம்மணம் போட்டு, முதுகு நேராக, சும்மா ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். ஆனால், இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. டீச்சர் அவரை மட்டும் படுத்துக்கொண்டு செய்யச் சொன்னார். எதிரில் இருந்த ஐ.டி அண்ணனுக்குக் குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லை. “முட்டியை மடக்கிக்கங்க, தப்பே இல்ல” என்றார்.

அடுத்து, உட்காரும் பயிற்சி. என் கூன் முதுகைப் பார்த்துவிட்டு, டீச்சர் இரண்டு போர்வைகளை மடித்து எடுத்து வந்தார். நான்கு விரல் உயரம் இருக்கும். அதன் விளிம்பில் உட்காரச் சொல்லி, இரண்டு முட்டிக்கு அடியிலும் ஒவ்வொரு மரக்கட்டை வைத்தார். முதுகு தானாக நிமிர்ந்தது!

“நாற்காலியிலேயே இருந்து இருந்து இடுப்பைச் சுத்தி இருக்கற தசையெல்லாம் இறுகிடுது. தரையில உட்கார்ந்தா இடுப்பு பின்பக்கமா சாயும், முதுகு வளையும். இடுப்பை முட்டியைவிட உயரமா வச்சா அது முன்பக்கம் வந்துடும். அவ்வளவுதான்.”

மற்றவர்களுக்கு நடுவே, எனக்கு மட்டும் மணை போட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. சொல்லியும்விட்டேன். “டெய்லர்கிட்ட எட்டுப் பேருக்கும் ஒரே அளவுல தைக்கச் சொல்வீங்களா?” என்று சிரித்தார்.

பக்கத்துத் தெருவின் பாடம்

இந்த ‘அளவெடுத்துச் சொல்லித்தருவது’ சென்னைக்குப் புதிதல்ல. நவீன யோகாவின் முன்னோடிகளில் ஒருவரான டி.கிருஷ்ணமாச்சார்யா 1888-ல் கர்நாடகத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்தியவர். உலகப் புகழ்பெற்ற பி.கே.எஸ்.ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் எல்லாம் அவருடைய மாணவர்கள். 1950-களில் சென்னைக்கு வந்து, 1989-ல் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்தார். ஒவ்வொருவரின் வயது, உடல்நிலையைப் பார்த்து அதற்கேற்பச் சொல்லித்தருவது அவர் வழி. அவர் மகன் டி.கே.வி.தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம், மயிலாப்பூருக்குப் பக்கத்தில், மந்தைவெளியை ஒட்டித்தான் இருக்கிறது. இந்தக் கட்டைகளும் பெல்ட்டுகளும் உலகம் முழுக்கப் பரவியதில் ஐயங்காருக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு விஷயம் தெரியுமா? ‘ஆசனம்’ என்ற சொல்லுக்கே ‘இருக்கை’, ‘உட்காருதல்’ என்றுதான் அர்த்தம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருக்கும் ஏறத்தாழ 195 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகச் சொல்பவை மூன்றே மூன்று. இன்ஸ்டாகிராமில் வில்லாக வளைகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, நான்தான் உட்காருவதை ஒரு ஆசனமாகவே நினைக்கவில்லை.

கிளாஸ் முடிந்து செருப்பு மாட்டும்போது மாமியிடம், “எப்படி மாமி இவ்வளவு ஈஸியா உட்கார்றீங்க?” என்றேன்.

“அம்பது வயசு வரைக்கும் அருவாமணையிலதான்மா காய் நறுக்கினேன். இது யோகான்னு அப்போ யாரும் சொல்லலியே! நீ கையைத் தூக்கறதைப் பார்த்து எனக்குப் பொறாமையா இருந்தது” என்றார்.

போகலாமா?

ஒரே கிளாஸில் எந்த வலியும் பறந்துவிடாது. எனக்கு மறுநாள் தொடையெல்லாம் வலித்தது. மாதக் கட்டணமும் என் சம்பளத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதனால், இப்போதைக்கு வாரம் ஒரு கிளாஸ். நீங்கள் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும், சேருவதற்கு முன் ஒரு கிளாஸ் செய்து பாருங்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஆரம்பித்தால் யோசியுங்கள். முட்டி, முதுகில் ஏற்கெனவே பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அன்று ராத்திரி, பழைய ஜமக்காளம் ஒன்றை நாலாக மடித்துப் பாட்டி பக்கத்தில் போட்டேன். “என்னடி இது, சிம்மாசனமா?” என்றார். அதன் விளிம்பில் உட்கார்ந்து தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். நடுவில் இரண்டு முறை கால் மாற்றினேன். சாம்பார் தாண்டி, ரசம் தாண்டி, மோருக்கு வந்துவிட்டோம். தாத்தா ரசத்தில் உப்பு குறைந்தால் எப்படிக் கோபப்படுவார் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வலது கால் லேசாக மரக்க ஆரம்பித்தது.

“எழுந்துக்கறியா?”

“இல்ல பாட்டி, நீங்க சொல்லுங்க.”

அப்பள டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.