அடுப்புச் சாம்பலும் ஒரு கிலோ யூரியாவும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒன்றரை சென்ட் அளவில் சிறிது நிலம் உண்டு. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டியபோது உதிர்ந்த செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் அங்கேயே கொட்டி நிரவி, மேலே இரண்டு வண்டி மண்ணைப் பரப்பிவிட்டோம். அங்கே காய்கறி பயிரிடலாம் என்னும் எண்ணம் 2011-ஆம் ஆண்டில் அம்மா எங்களோடு தங்க வந்த பிறகே பிறந்தது.

அம்மா விளவங்கோட்டுப் பக்கத்தவர். வெந்நீர் அடுப்பின் சாம்பலைச் சலித்து ஓலைப்பெட்டியில் சேர்த்து வைப்பார். வாரம் ஒருமுறை அதை அள்ளிச் செடிகளின் தூரில் இடுவார். ஊரில் அவருடைய வாழையும் கத்தரியும் அந்தச் சாம்பலில்தான் செழித்தன. இங்கும் முதல் சில ஆண்டுகள் ஓரளவு காய்த்தன. பிறகு முழங்கால் வலி அவரைக் கட்டிலோடு நிறுத்தியது. தோட்டம் எங்கள் கைக்கு வந்தது. அவர் சன்னலருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

2016-ஆம் ஆண்டு தைமாதத்தில் இருபது கத்தரிக் கன்றுகள் நட்டோம். ஒரு மாதத்தில் கொழுந்து இலைகள் வெளிறி மஞ்சளாயின. மஞ்சள் என்றால் பசி, பசி என்றால் தழைச்சத்து என்பது எங்கள் தீர்ப்பு. அன்று மாலையே கடைக்குச் சென்று ஒரு கிலோ யூரியா வாங்கி வந்தோம். கேட்டவுடன் நிறுத்துக் கொடுத்தார்கள். எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை, எவ்வளவு என்று நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் நண்பகலில், காய்ந்து கிடந்த மண்ணில், தூருக்கு ஒரு கைப்பிடி வீதம் போட்டோம். யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு தழைச்சத்து. சிறு கன்றுக்கு அரைத் தேக்கரண்டியே தாராளம் என்பதெல்லாம் பின்னர் கற்ற பாடம். அளவுக்கு மிஞ்சிய உப்பு, வேர் நீரை உறிஞ்சவிடாமல் செடியை வறளச் செய்துவிடுகிறது. மூன்றாம் நாள் இலையோரங்கள் தீய்ந்தன. ஒரு வாரத்தில் பதினான்கு கன்றுகள் பட்டுப்போயின.

பட்ட கன்றுகளை விடியுமுன் பிடுங்கி மதில் ஓரத்தில் மறைத்தோம். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் செய்யக்கூடிய செயலா அது? அம்மா சன்னல் வழியே வரிசையை எண்ணியிருக்க வேண்டும். காலை உணவின்போது ஒன்றே ஒன்று கேட்டார்: “மக்களே, தண்ணி விட்டுட்டா போட்டீங்க?”

லூக்கா நற்செய்தியில், கனி தராத அத்திமரத்துக்காகப் பரிந்து பேசும் தோட்டத் தொழிலாளர் முதலில் சுற்றிலும் கொத்துவதாகச் சொல்கிறார்; பிறகே எரு. அதற்கு ஓர் ஆண்டுத் தவணையும் கேட்கிறார். எத்தனையோ முறை கோவிலில் கேட்ட பகுதிதான். நாங்கள் ஓர் இரவுகூடப் பொறுக்கவில்லை.

அதன் பின்னரே மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். எட்டு இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, குழியின் பக்கங்களிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பித்தோம். வந்த தாளில் கார அமில நிலை 8.4 என்றிருந்தது. சாம்பல் சத்து மிகுதி. தழைச்சத்து நடுத்தரம். கன்றுகள் எதற்காக வாடினவோ அதற்கும் யூரியாவுக்கும் தொடர்பே இல்லை! தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலை. எங்கள் கத்தரியில் வெளிறியது கொழுந்து. அதிலும் நரம்புகள் பச்சையாகவே நின்றன. அது இரும்புச் சத்துக் குறையின் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. காரம் மிகுந்த மண் அதை வேருக்குக் கொடுப்பதில்லை.

அந்தக் காரம் எங்கிருந்து வந்தது? பாதி நாங்கள் புதைத்த சுண்ணாம்புக் காரை; ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீருக்கும் பங்கு இருக்கலாம். மீதி, சொல்லத் தயங்கினோம், அம்மாவின் ஓலைப்பெட்டி. விளவங்கோட்டுச் செம்மண்ணில் ஆண்டுக்கு இருமுறை பெய்யும் பருவமழை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அங்கு மண் புளித்துக் கிடக்கும். சாம்பல் அந்தப் புளிப்பை ஆற்றும். இங்கோ அது எரிகிற மண்ணில் மேலும் நெருப்பு. யூரியாவைப் பற்றிய எங்கள் அறியாமையை ஒப்புக்கொள்வது எளிதாயிருந்தது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஒரு கையிடம், ‘இனி இது வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது? பத்து நாட்கள் அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம்.

இறுதியில் படித்துக் காட்டினோம். அம்மா ஒரு பிடி மண் கொண்டுவரச் சொன்னார். விரல்களால் நசுக்கி, முகர்ந்து, “இங்கத்த மண்ணு வேற, மக்களே” என்றார். அவ்வளவுதான். எங்கள் பத்து நாள் தயக்கத்திற்கு அவருக்குப் பத்து நொடி கூடத் தேவைப்படவில்லை.

அடுத்த பருவத்துக்கு மாட்டுச் சாணத்தை ஆறு மாதம் மட்கவிட்டோம். கையை நுழைத்தால் சூடு தெரியாமல், புதுமழை மண்ணின் மணம் வரும்போது தொழுவுரம் தயார் என்பது அம்மா வைத்த அளவுகோல். பச்சைச் சாணம் வேரைச் சுடும், வெண்புழுவையும் கூட்டி வரும். சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ கலந்து கொத்தினோம். நடவின்போது குழிக்குச் சிறிது வேப்பம் பிண்ணாக்கு. கொழுந்து வெளிறியபோது, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி, லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலைமேல் தெளித்தோம். பத்து நாளில் பச்சை திரும்பியது. ஆனால் அது தற்காலிகமே. புதிய தளிர் வரும்போது மீண்டும் தெளிக்க வேண்டியிருந்தது. மண் திருந்த ஆண்டுகள் ஆகும். யூரியாவை அறவே விலக்கினோம் என்றும் சொல்ல முடியாது. கீரை அறுத்த பிறகு, பூவாளி நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றுகிறோம், ஈரமண்ணில் மட்டும்.

சாம்பல்? அம்மா அதைச் சேர்ப்பதை நிறுத்தவில்லை. அசுவினி தெரியும்போது ஒரு சிட்டிகை இலைமேல் தூவினோம். மீதி பெட்டியில் நிறைந்துகொண்டே வந்தது. மாதம் ஒருமுறை வரும் அண்ணன் மகனிடம் அம்மா அதைக் கோணியில் கட்டிக் கொடுத்துவிடுவார். ஊரிலுள்ள வாழைக்கு. மார்த்தாண்டம் பேருந்தில் நடத்துநர் ஒவ்வொரு முறையும் மூட்டையில் என்ன என்று கேட்பாராம். சாம்பல் என்றால் நம்பாமல் அவிழ்த்துப் பார்ப்பாராம்.