கரண்ட் போனால் கதைக்குமோ?

ஈஸ்ட்ஹாமில் மாமியின் வீட்டுப் போனைச் சுவரிலிருந்து கழற்றி இணையப் பெட்டியின் முதுகில் செருகினேன். மாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, கரண்ட் போனால் இது கதைக்குமோ?"

2027 ஜனவரி 31க்குள் பிரித்தானியாவின் பழைய தொலைபேசி இணைப்புகள் நிறுத்தப்படும் என்ற கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தேன். திகதி அவர் மனதில் ஏறவில்லை. கரண்ட்தான் ஏறியது.

பழைய செப்புக் கம்பியில் குரலோடு மின்சாரமும் வந்தது. தொலைபேசி நிலையத்துப் பற்றரிகள் அனுப்பிய ஏறக்குறைய 48 வோல்ட். வீடு இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் அந்த 'ம்ம்ம்' கேட்டது அதனால்தான். கண்ணாடி இழையில் வருவது வெறும் ஒளி. அதைக் குரலாக்கும் பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட் வேண்டும்.

மாமிக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1990இல் போன கரண்ட் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் ஒரு திரியும் விளக்கானது. ரேடியோவுக்குப் பற்றரி கிடைக்காது. மாமா சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு சாய்த்து, வயரை ரேடியோவுக்குக் கொடுப்பார். நாலு பற்றரி போடும் ரேடியோவுக்கு வேண்டியது 6 வோல்ட். சைக்கிள் டைனமோவும் 6 வோல்ட்தான். பெடலைக் கையால் சுற்றுவது மாமி. சுற்று குறைந்தால் பிபிசி தமிழோசையின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், கூடினால் மேலே வரும். ஒரு இரவு மாமியின் கை நொந்துபோய் என்னிடம் தந்தார். எனக்கு எட்டு வயது. குண்டு விழுந்த ஊரின் பெயரைச் சொல்லும் நேரம் பார்த்து என் கை தளர்ந்தது. குரல் இறங்கிப் போயிற்று. எந்த ஊர் என்று தெரியாமலே விடியும்வரை விழித்திருந்தோம். மாமி என்னை ஒரு சொல் ஏசவில்லை. அந்தப் பெடலின் இரும்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

இப்போது மாமியின் கழுத்தில் ஓர் அவசரப் பொத்தான் தொங்குகிறது. விழுந்தால் அமத்த வேண்டும். அது வீட்டுப் போன் வழியாகத்தான் ஆட்களைக் கூப்பிடும். புதிய இணைப்பில் இத்தகைய பொத்தான்கள் சில இடங்களில் வேலை செய்யாமல் போன பிறகே, 2023 டிசம்பரில், விருப்பம் கேளாமல் இணைப்பை மாற்றுவதைப் போன் கம்பனிகள் நிறுத்தி வைத்தன. வீட்டுப் போனையே நம்பியிருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் குறைந்தது 1 மணி நேரம் அவசர அழைப்பு எடுக்க வழி இருக்க வேண்டும் என்பது இங்கத்தைய விதி. ஒரு மணி நேரம். ஆண்டுக்கணக்கில் இருட்டில் இருந்தவருக்கு அதை எந்த வாயால் சொல்வது? பெரிய பற்றரியாகவே வாங்கிப் பூட்டினேன்.

பூட்டியதும் மாமி சொன்னார்: "மெயினை நிப்பாட்டு, பாப்பம்."

படிக்கட்டின் கீழ் இருட்டுக்குள் நின்று மெயின் சுவிட்சை இறக்கினேன். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நின்றது. சட்டைப் பையில் என் போன் அடித்தது.

"கேக்குதோ?"

"கேக்குது மாமி."

"சரி, வை. பற்றரி முடிஞ்சிடும்."