மந்திரத்துக்கு என்ன விலை?

விட்டலாச்சார்யா படங்களில் மந்திரவாதிக்கு ஒரு சௌகரியம் உண்டு. கையைத் தூக்கினால் நெருப்பு வரும். மறுபடி தூக்கினால் மறுபடி வரும். இதுவரை எத்தனை விட்டார், பாக்கி எத்தனை இருக்கிறது என்று தியேட்டரில் யாரும் கணக்குக் கேட்டதில்லை. படம் முடிகிற நேரம் வந்தால் தோற்றுப்போவார், அவ்வளவுதான்.

வீடியோ கேமில் அந்தப் பாச்சா பலிக்காது. சுட்டுக்கொண்டே ஓடுகிற ரகத்தை விடுங்கள். ஆர்.பி.ஜி. என்று செல்லமாக அழைக்கப்படும் ரோல் ப்ளேயிங் கேம்களைச் சொல்கிறேன். நீங்களே ஒரு பாத்திரமாக உள்ளே போய், வாரக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து, அடிவாங்கி, தேறி, பெரிய ஆளாகிற ஆட்டங்கள். அங்கே மந்திரம் உங்கள் கையில். அதற்கு விலை என்று ஒன்று இல்லாவிட்டால் முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை நெருப்பை விட்டுக்கொண்டே போய் அரை மணியில் ஆட்டத்தை முடித்துவிடுவீர்கள். ஆகவே யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து மந்திரத்துக்கு விலை நிர்ணயம் செய்கிறார். பி.காம். படித்தவனுக்கு இது போதாதா? மற்றவர்கள் வாள்சண்டையை ரசிக்கட்டும். நான் கால் நூற்றாண்டாக இந்த விலைப்பட்டியலைத்தான் ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்ப காலத்து விலை, மறதி. ஜாக் வான்ஸ் என்கிற அமெரிக்க எழுத்தாளர் 1950-ல் 'தி டையிங் எர்த்' என்றொரு புத்தகம் எழுதினார். அதில் வரும் மந்திரவாதிகள் வெளியே புறப்படும் முன் மந்திரங்களை உருப்போட்டுக்கொள்வார்கள். ஒரு கைப்பிடி அளவுக்கு மேல் மண்டையில் நிற்காது. ஒன்றைப் பிரயோகித்தால் அது மறந்தே போகும். திரும்பப் போய்ப் படிக்க வேண்டும். 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (இது பகடையும் காகிதமுமாக மேஜையில் ஆடுவது) இந்த யோசனையை அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டது. நன்றிக்கடனாக வான்ஸ் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப்போட்டு வெக்னா என்று ஒரு பயங்கர மந்திரவாதியையும் படைத்தது.

நமக்கு இது புரிய அமெரிக்காக்காரர் தேவையில்லை. இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒருமுறைக்குத்தான். அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். ராத்திரி யுத்தத்தில் கடோத்கஜன் வந்து சேனையைத் துவம்சம் செய்யவும், வேறு வழியில்லாமல் அவன்மேல் விட்டுவிட்டான். சொந்தப் பக்கத்து வீரன் செத்ததில் கண்ணன் ஆனந்தக் கூத்தாடினானாம். களத்தில் கணக்கு வைத்திருந்த ஒரே ஆள் அவன்.

அப்புறம் 1986-ல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்'. இதில் எம்.பி. என்று ஓர் எண். மந்திரம் போடப் போடக் குறையும். சத்திரத்தில் காசு கொடுத்துப் படுத்து எழுந்தால் நிரம்பிவிடும். ஆக, நெருப்பின் விலை ஒரு ராத்திரி ரூம் வாடகை. சுலபமான ஏற்பாடு. இந்த மாதிரி எண்தான் இன்றைக்கும் பாதி ஆட்டங்களில் ஓடுகிறது. எனக்கென்னவோ ப்ரீபெய்டு கார்டு ஞாபகம்தான் வரும்.

1987-ல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்' கேட்ட விலை வேறு. மூளை. திரையின் ஓரத்தில் 24 குறிகள் இருக்கும், நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. முதல் வரிசை பலம், அடுத்தது நெருப்பு, காற்று மாதிரி பூதங்கள், அதற்கடுத்தது வடிவம், இப்படி. வரிசைக்கு ஒன்றாகத் தொட்டு நீங்கள்தான் மந்திரத்தைக் கட்ட வேண்டும். 'ஃபுல்' என்றால் நெருப்பு. பலக் குறிக்குப் பின் அதை மட்டும் போட்டால் தீப்பந்தம் மாதிரி வெளிச்சம் கிடைக்கும். அதோடு 'இர்' சேர்த்தால் பறந்துபோய் வெடிக்கும் நெருப்புருண்டை. நிலைமொழி, வருமொழி, புணர்ச்சி விதி எல்லாம் உண்டு! ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் சேர்க்கைகள் சாத்தியம். பெரும்பாலானவற்றுக்கு அர்த்தமே கிடையாது. எதற்கு அர்த்தம் உண்டு என்பதை அங்கங்கே கிடைக்கும் ஓலைகளில் கொஞ்சம் சொல்வார்கள். மிச்சத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் பாடு. நீங்கள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை எதிரே நிற்கும் பூதம் காத்திருக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். பயத்தில் இரண்டாவது எழுத்து மறந்துபோகும். அந்த நேரத்தில் சரியாகச் சொல்லி, உருண்டை பாய்ந்து போய் வெடித்தால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, பட்டனைத் தட்டி நெருப்பு விடுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் என் பட்டியலில் முதலிடம் 1999-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 8'-க்கு. இதன் மந்திர ஏற்பாட்டைத் திட்டுகிற ரசிகர்கள் இன்னமும் இருக்கிறார்கள். திட்டட்டும். இதில் எம்.பி. கிடையாது. மந்திரம் ஒரு சரக்கு. எதிரியிடமிருந்தே உறிஞ்சி எடுத்து ஸ்டாக் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மந்திரத்திலும் ஆளுக்கு 100 வரை. அதோடு விட்டிருந்தால் வெறும் மளிகைக் கடை. அந்த ஸ்டாக்கை உங்கள் உடம்போடு இணைக்கலாம் என்றார்கள். உயிர்பலத்தோடு இணைத்தால் உயிர்பலம் கூடும். கைபலத்தோடு இணைத்தால் அடி பலமாக விழும். எவ்வளவு இருப்போ அவ்வளவு தெம்பு. இப்போது பாருங்கள் வம்பை: இணைத்து வைத்த மந்திரத்தை எடுத்துப் பிரயோகித்தால் இருப்பு குறையும். இருப்போடு உங்கள் தெம்பும் இறங்கும்.

பி.காம். படிக்கும்போது ஒரு நண்பன் வீட்டில் இதை ஆடுவோம். குணப்படுத்தும் மந்திரத்தின் பக்கம் என் விரல் போனால் போதும், பின்னாலிருந்து கத்துவான். "டேய், அதத் தொடாதடா! பலம் எறங்கிடும்!" திரையில் ஆள் சாகக் கிடக்கிறான். மந்திரம் 100 இருக்கிறது. தொடக்கூடாது.

இதை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள்.

என் அம்மாவிடம் ஒரு ரெட்டைவடச் சங்கிலி இருந்தது. நாலரைப் பவுன். "கழுத்துல கெடந்தா ஒரு தெம்புடா" என்பாள். அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று ஆனது. பேங்க்கில் நகைக் கடன் கவுன்ட்டர். மதிப்பீட்டாளர் கல்லில் உரசினார், தராசில் வைத்தார், சீட்டில் ஒரு தொகை எழுதினார். அம்மா முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். தாலிக்கயிறு மட்டும் இருந்த கழுத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று. வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆவணியில் சொந்தத்தில் இரண்டு கல்யாணம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இரண்டுக்கும் போகவில்லை. அப்பா பிழைத்து வந்தார். வட்டி கட்டிச் சங்கிலியை மீட்க மூன்று வருஷம் பிடித்தது. அந்த மூன்று வருஷமும் அவள் குரல் ஒரு படி இறங்கித்தான் இருந்தது. யாரையும் அதட்டவில்லை, காய்கறிக்காரரிடம் பேரம்கூடப் பேசவில்லை.

இருப்பு குறைந்தால் தெம்பு இறங்கும் என்று ஜப்பானில் யாரோ எங்கள் வீட்டைப் பார்க்காமலே எழுதி வைத்திருக்கிறார். திட்டுகிற ரசிகர்கள் யாரும் அடகுக் கடை வாசலில் நின்றிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எல்லா ஆட்டமும் இப்படி நெஞ்சைப் பிடிப்பதில்லை. 2011-ல் ஸ்வீடனிலிருந்து 'மேஜிக்கா' என்று ஒன்று வந்தது. நீர், நெருப்பு, மின்னல் என்று எட்டுப் பொருட்கள். கலந்து கலந்து அடிக்க வேண்டியதுதான். எண் கிடையாது, இருப்பு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் விடலாம். விலை? பக்கத்தில் நிற்கும் நண்பன். நாலு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தில் உங்கள் மின்னலுக்கு நண்பன், எதிரி பேதம் தெரியாது. நீங்களே நனைந்திருந்தால் உங்களுக்கும் ஷாக்தான்.

கடைசியாக 'மோரோவிண்ட்'. 2002, அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம். இங்கே காசு கட்டினால் உங்களுக்கான மந்திரத்தை ஆர்டர் கொடுத்தே செய்துகொள்ளலாம். என்ன விளைவு, எத்தனை பாயின்ட், எத்தனை விநாடி, எவ்வளவு சுற்றளவு? ஒவ்வொன்றையும் கூட்டக் குறைக்க எஸ்டிமேட் மாறும். வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம் உட்கார்ந்திருப்பதைப் போல நான் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அதிலேயே மருந்து காய்ச்சும் வித்தையும் உண்டு. புத்தி கூடக் கூட மருந்தின் வீரியம் கூடும். புத்தியை ஏற்றுகிற மருந்தைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, அந்தப் புத்தியோடு அதே மருந்தை மறுபடி காய்ச்சினால்? கூட்டுவட்டி! பத்துப் பன்னிரண்டு சுற்றில் நீங்கள் காய்ச்சும் மருந்தின் விலை எங்கேயோ போய்விடும். வாங்க ஊரில் எந்த வியாபாரியிடமும் பணம் இருக்காது. ஆட்டமே அச்சிலிருந்து கழன்றுவிடும்தான். ஆனாலும் தடுக்காமல் விட்டார்கள்.

2006-ல் வந்த அடுத்த பாகத்தில் பறக்கும் மந்திரத்தை எடுத்துவிட்டார்கள். 2011-ல் 'ஸ்கைரிம்' வந்தபோது மந்திரம் தயாரிக்கிற வசதியே இல்லை. அழகான ஆட்டம், கோடிக்கணக்கில் விற்றது. ஆனால் எல்லா மந்திரமும் ரெடிமேட் சட்டை. ஆடுகிறவன் கணக்கில் புகுந்து விளையாடிவிடுவான் என்று பயந்தால் அவனுக்கு ரெடிமேட்தான் கொடுக்க முடியும். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

'மோரோவிண்ட்' ஆடப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம். முதல் ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்ததும் வானத்தில் ஓர் அலறல் கேட்கும். ஓர் ஆள் தொப்பென்று உங்கள் கண்ணெதிரே விழுந்து செத்துப்போவான். அவனிடம் ஒரு குறிப்பேடும் மூன்று மந்திரச் சுவடிகளும் இருக்கும். குறிப்பேடு முழுக்கச் சுயபுராணம். சுவடியைப் பிரயோகித்தால் தாண்டும் திறன் 1000 பாயின்ட் ஏறும். தேர்ந்த வித்தைக்காரனுக்கே 100-தான். ஒரே தாவு, மலையும் ஆறும் காலுக்கடியில் ஓடும். ஆனால் வீரியம் 7 விநாடிக்குத்தான். இறங்க அதைவிட அதிக நேரம் ஆகும். அந்த மகானுபாவர் ஏற்றத்தைக் கணக்குப் பண்ணினார், இறக்கத்தைப் பண்ணவில்லை. சுவடிக்கு வைத்த பெயர் கிரேக்கத்து இக்காரஸுடையது. நமக்குச் சம்பாதி.

தாண்டுகிற திறன்தான் விழும்போதும் காப்பாற்றும். ஆகவே முதல் சுவடியில் தாவுங்கள். தரை நெருங்கும்போது இரண்டாவதைப் பிரயோகியுங்கள், பூப்போல இறங்கலாம். மிச்சம் ஒன்று இருக்கும். அதில் தாவ மட்டும்தான் முடியும். கடல் பக்கமாகப் பார்த்துத் தாவுங்கள். தண்ணீரில் விழுந்தால் அடிபடாது.