உலக அதிசயமும் ஒரு மரக்கால் நெல்லும்

ஆபீஸில் ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. அதனால்தான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. என்னைக் காணோம்னு தேடின ரெண்டு மூணு பேருக்கு நன்றி. தேடாதவங்க நிம்மதியா இருந்திருப்பீங்க, அதுக்கும் வாழ்த்துகள் :-)

விஷயத்துக்கு வர்றேன். பொங்கல் லீவுக்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்க டீமில் ஒரு பஞ்சாயத்து. ஜோர்டான் போய்ட்டு வந்த நண்பர் ஒருத்தர் பெட்ரா போட்டோ எல்லாம் காட்டிட்டு, "ஏழில் ரெண்டு முடிச்சாச்சு, இன்னும் அஞ்சுதான் பாக்கி"ன்னு சொன்னார். தாஜ்மஹாலை ஸ்கூல் டூரிலேயே பார்த்துட்டாராம். அவ்வளவுதான், ஆரம்பிச்சது. ஒடிசாக்காரர் கொனார்க் ஏன் இல்லைன்னார். மராட்டிக்காரர் எல்லோரா கைலாசநாதர் கோவிலைச் சொன்னார். ஒரே மலையை மேலிருந்து கீழாகக் குடைஞ்சு எடுத்த கோவில், அதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் நிக்குமான்னு கேட்டார். ஹம்பிக்கு ஒரு ஆள் கொடி பிடிச்சார். நான் மதுரை மாவட்டம், பேரையூர்க்காரன். சும்மா இருப்பேனா? "மீனாட்சி கோவில்"னு எடுத்து விட்டேன். பதினாலு கோபுரம், தெற்குக் கோபுரம் மட்டும் 170 அடி, ஆயிரங்கால் மண்டபம்னு அடுக்கினேன். "உண்மையிலேயே ஆயிரம் தூணா?"ன்னு கேட்டாங்க. பொய் சொல்ல வரலை. "985"ன்னேன். "அப்ப பதினஞ்சு கம்மியா இருக்கறதாலதான் லிஸ்ட்ல சேர்க்கலை போல"ன்னு சிரிச்சாங்க. சாப்பாடு இறங்கலை.

இந்த இடத்தில் கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன்.

வருஷம் 2007. நான் அஞ்சாம் வகுப்பு. புதிய ஏழு உலக அதிசயங்களை உலக மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப் போறாங்கன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பெர்னார்ட் வெபர் என்பவர் ஆரம்பிச்ச போட்டி அது. ஆரம்பகட்டப் பட்டியலில் நம்ம மீனாட்சி கோவிலும் இருந்தது. 2006 ஜனவரியில் 21 பேர் கொண்ட இறுதிப் பட்டியல் வந்தப்ப அதில் இந்தியாவிலிருந்து தாஜ்மஹால் மட்டும்தான். ஆனா பத்து வயசுப் பையனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? டிவியில தாஜ்மஹாலுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கன்னு சொன்னாங்க. மாமா மொபைலை மேசையில் வச்சுட்டுக் குளிக்கப் போனார். அவர் துண்டைக் கட்டிக்கிட்டு வெளியே வர்றதுக்குள்ள ஷாஜஹானுக்கு என்னால் முடிஞ்ச உதவியைச் செஞ்சிருந்தேன். அன்னிக்கு முதல் நாள்தான் ரீசார்ஜ் பண்ணியிருந்தாராம். முதுகில் நாலு விழுந்தது.

2007 ஜூலை 7-ம் தேதி லிஸ்பன் நகரத்தில் ஒரு கால்பந்து மைதானத்தில் முடிவை அறிவிச்சாங்க. சீனப் பெருஞ்சுவர், பெட்ரா, பிரேசிலின் ஏசு சிலை, மச்சு பிச்சு, சிச்சென் இட்சா, ரோமின் கொலோசியம், தாஜ்மஹால். பழைய ஏழில் மிச்சம் நிக்கிற ஒரே ஆள் கிஸா பிரமிடு. "நாங்க ஓட்டுக்கு நிக்கணுமா?"ன்னு எகிப்துக்காரங்க கோபப்பட்டதால் அதுக்குக் கௌரவ இடம் கொடுத்துட்டாங்க. பத்துக் கோடிக்கு மேல ஓட்டு விழுந்ததாகச் சொன்னாங்க. ஒரே ஆள் எத்தனை தடவை வேணும்னாலும் போன் பண்ணலாம் என்பதால் (சாட்சி: என் முதுகு) அது எத்தனை பேர் போட்ட ஓட்டுன்னு கண்டுபிடிக்க வழியில்லை. யுனெஸ்கோ முடிவு வர்றதுக்கு முன்னாடியே, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அறிக்கை விட்டுட்டது.

தாஜ்மஹால் ஜெயிச்சதுக்கு நான் குதிச்சேன். அப்பா மட்டும் உம்முன்னு இருந்தார். "மதுரக்காரப் பய, மீனாட்சி கோவிலை விட்டுட்டு ஆக்ராவுக்கு ஓட்டுப் போட்டிருக்கான் பாரு"ன்னார். திண்ணையில் இருந்த தாத்தா, "ரெண்டும் இல்லடா. பெரியாத்து அணைதான்டா அதிசயம்"னு சொன்னார். யாரும் காதில் வாங்கலை. கொசுவத்தி முடிஞ்சது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, ஆபீஸ் பஞ்சாயத்தை வீட்டில் சொன்னேன். அப்பா மறுபடி மீனாட்சி கோவிலில் வந்து நின்னார். தாத்தாவுக்கு இப்ப எண்பதைத் தாண்டிருச்சு. கண்ணு ஆபரேஷன் ஆகி, காதும் கொஞ்சம் மந்தம். ஆனா அவர் கட்சி மாறலை. "பெரியாத்து அணை"ன்னார் அதே மாதிரி.

எனக்கு விளங்கவே இல்லை. ஏன்னா எங்க ஊர் மானாவாரி ஊர். கரிசல் காடு. பருத்தி, சோளம், இப்ப மக்காச்சோளம். மழை பேஞ்சு கண்மாய் நிறைஞ்சா உண்டு, இல்லாட்டி இல்லை. பெரியாத்துத் தண்ணி எங்க நிலத்தில் ஒரு சொட்டுகூடப் பாஞ்சதில்லை. அணையைத் தாத்தா கண்ணால பார்த்ததும் இல்லை.

"தாத்தா, நமக்குத்தான் அந்தத் தண்ணி வராதே?"ன்னு கேட்டேன்.

"தண்ணி வரல. நெல்லு வந்துச்சுல்ல?"

அப்புறம் அவர் சொன்னதை இதுக்கு முன்னாடி அவர் எங்கிட்ட சொன்னதே இல்லை. மழை பொய்ச்ச வருஷங்களில், எங்க ஊர்ப் பக்கமிருந்து ஆம்பளை பொம்பளை எல்லாம் கூட்டமாக் கிளம்பி வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் கருதறுக்கப் போவாங்களாம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் பெரியாறு கால்வாயில் இருபோகம் விளையுற பூமி அது. கூலி காசா இல்லை, நெல்லா. வயக்காட்டுப் பக்கத்திலேயே படுக்கை. 1982, 83 பஞ்சத்தில் தாத்தாவும் அப்பத்தாவும் போயிருக்காங்க. அப்பாவைக் கொள்ளுப்பாட்டிகிட்ட விட்டுட்டுப் போனாங்களாம். திரும்பி வந்தப்ப மூட்டையை இறக்கிட்டு, அப்பத்தா ஒரு மரக்கால் நெல்லை அளந்து தனியா வச்சுச்சாம், சாமிக்குன்னு. மிச்சம்தான் அந்த வருஷக் கஞ்சி.

"ஒங்கப்பன் அந்தக் கஞ்சியிலதான்டா பள்ளிக்கூடம் போனான். எங்கிட்டோ மலையில ஒருத்தன் கட்டுனது, நம்ம வகுத்துக்கு வந்துச்சு. அதிசயம்னா வேற என்னடா?"

அப்பா எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். அவர் மீனாட்சி கோவில் பத்தி அதுக்கப்புறம் பேசலை.

அணையைப் பத்தி மேலோட்டமாத் தெரியாதவங்களுக்காகச் சில வரிகள். பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போற ஆறு. மலைக்கு இந்தப் பக்கம் நாம வானத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்போம். இந்தத் தண்ணியைக் கிழக்கே திருப்பலாமான்னு 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கார். பணம் இல்லாததால் நடக்கலை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம்தான் ஆங்கிலேய அரசு தீவிரமா இறங்குச்சு. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை ஆரம்பம். பொறுப்பு, ராணுவப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். 1895-ல் திறந்தாங்க.

176 அடி உயரம், 1,200 அடி நீளம். சிமெண்ட் கிடையாது. கல்லு, சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல்பொடி) கலந்த கலவை, அவ்வளவுதான். கட்டக் கட்ட வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கு. தேக்கின தண்ணியை மலையைக் குடைஞ்சு, ஏறக்குறைய ஒரு மைல் நீளச் சுரங்கம் வழியா இந்தப் பக்கம் இறக்கி வைகைக்குக் கொண்டு வர்றாங்க. ஒரு ஆத்தோட திசையையே மாத்தின வேலை. மலேரியா மாதிரி நோய்களில் செத்தவங்க மட்டும் கணக்குப்படி 483 பேர். நானும் என்ஜினியர்னு விசிட்டிங் கார்டு வச்சிருக்கேன். சர்வர் ரூமில் ஏசி நின்னா எங்களுக்கு வேலை ஓடாது.

சரி, அணைக்கட்டு எப்படி உலக அதிசயம் ஆகும், அது பயன்பாட்டுக்குக் கட்டினதாச்சேன்னு நானே தாத்தாகிட்ட மல்லுக்கு நின்னேன். அப்புறம் யோசிச்சா, பழைய ஏழு அதிசயங்களில் அலெக்சாண்ட்ரியா கலங்கரை விளக்கமும் ஒண்ணு. கப்பலுக்கு வழி காட்டக் கட்டினது. சீனப் பெருஞ்சுவர் எதிரியைத் தடுக்கக் கட்டினது. அப்ப உபயோகமா இருக்கறது ஒரு குற்றம் இல்லை. அணைக்குக் குறை வேற ஒண்ணு. கிரேக்கர்கள் அந்தப் பழைய பட்டியலுக்கு வச்ச பேருக்கு அர்த்தமே "பார்க்க வேண்டியவை"தானாம். வெளியூர் போறவனுக்கான பட்டியல் அது. இப்ப ஓட்டுப் போட்டு எடுத்ததும் அதேதான். போய் நின்னு போட்டோ எடுக்கணும். எங்க டீம் நண்பர் "முடிச்சாச்சு"ன்னு சொன்னதும் அதனாலதான்.

காணும் பொங்கல் முடிஞ்சு, ஒரு கார் பேசி தாத்தாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினேன். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர். கணவாய் வரைக்கும் நம்ம ஊர் மாதிரியே காய்ஞ்ச காடு. அதைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் நுழைஞ்சதும் ரெண்டு பக்கமும் நெல்லு நாத்து, தென்னை, திராட்சைப் பந்தல். தாத்தா கண்ணாடியை இறக்கிட்டு ஒண்ணும் பேசாம வந்தார்.

லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கு. ஜனவரி 15 அவர் பிறந்த நாள். அந்தப் பக்கத்து விவசாயிகள் பொங்கல் வச்சுக் கும்பிடுவாங்க. சிலைக்குப் போட்ட மாலை இன்னும் இருந்தது. பொண்டாட்டி நகையை வித்து அணை கட்டினார்னு தாத்தா சொன்னார். தென்மாவட்டம் முழுக்கச் சொல்ற கதை. அதுக்கு ஆதாரம் இருக்கான்னு நான் கேட்கலை. செருப்பைக் கழட்டி வச்சுட்டு கும்பிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அணை எங்கடா?"

அணை மலைக்கு மேலே காட்டுக்குள்ள இருக்கு, நினைச்ச மாதிரி போய்ப் பார்க்க விடமாட்டாங்கன்னு சொன்னேன். மலைச்சரிவில் மின்நிலையத்துக்குத் தண்ணி இறங்குற பெரிய பெரிய குழாய்களைக் காட்டினேன். கையை நெத்தியில் வச்சு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்குள்ளயா வருது"ன்னார். அவ்வளவுதான்.

இதை எழுதும்போது ஒண்ணை மறைக்கக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம், அணைக்குக் கீழே குடியிருக்கிற இடுக்கிக்காரங்களுக்கு இது அதிசயம் இல்லை, பயம். 1979-க்குப் பிறகு அணையைப் பலப்படுத்தினாங்க. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம்னு மறுபடி உறுதி செஞ்சது. ஆனாலும் 1895-ல் கட்டின சுவருக்குக் கீழே, மழை ராத்திரியில் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறவங்களைப் பார்த்துப் பயப்படாதேன்னு நான் இங்கிருந்து சொல்றது சரியா இருக்காது. ஒரே சுவர்தான். என் தாத்தா செருப்பைக் கழட்டுறார், அங்க இன்னொரு தாத்தா தூங்காம இருக்கார். தாஜ்மஹால் பட்டியலில் இருக்கறதால யாருக்கும் தூக்கம் கெடப் போறதில்லை. பட்டியல் போடறவங்களுக்கும் அதுதான் சௌகரியம்.

தாஜ்மஹாலைக் குறைச்சுச் சொல்றேன்னு நினைக்காதீங்க. காலேஜ் படிக்கிறப்ப போய்ப் பார்த்தேன், வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். மீனாட்சி கோவிலுக்கு இப்பவும் ஊருக்குப் போனால் ஒரு தடவை போகாம வர மாட்டேன். அந்தப் பதினஞ்சு தூணுக்காக இனிமே யார்கிட்டயும் சண்டைக்குப் போறதா இல்லை. ஆனா என் பட்டியலில் முதல் இடம் யாருக்குன்னு முடிவாயிருச்சு.

லீவு முடிஞ்சு ஆபீஸ் போனேன். பெட்ரா நண்பர் மறுபடி கேட்டார், "என்ன, உங்க கோவிலுக்கு இன்னும் பதினஞ்சு தூண் கிடைச்சதா?" நான் கட்சி மாறிட்டேன்னு சொல்லி அணையைச் சொன்னேன். "அணையா? போட்டோ இருக்கா?"ன்னார். மொபைலில் தேடினேன். மலை மேல நாலு குழாயும், அதை அண்ணாந்து பார்க்கிற தாத்தாவின் முதுகும் மட்டும்தான் இருந்தது. அதைக் காட்டினேன். அவருக்கு ஒண்ணும் புரியலை.

பி.கு: ஊரிலிருந்து கிளம்புறப்ப 2007 பாக்கிக்காக மாமாவுக்கு ஒரு மாசத்துக்கு ரீசார்ஜ் பண்ணி விட்டேன். "வட்டி எங்கடா?"ன்னு கேட்டார்.