முற்றிய கறியும் நீற்றிய சுண்ணாம்பும்

சோள அடையில் கறி வைத்து மடித்த மெக்சிகோ டாக்கோவைச் செய்து பார்க்க ஆசைப்படும் கோவைக்காரர் முதலில் போய் நிற்பது சூப்பர் மார்க்கெட்டில் இறக்குமதிச் சரக்கு அடுக்கிய அலமாரிக்கு முன்னால். வளைத்துப் பொரித்த சோள ஓடு, சீரகத்தூளும் பூண்டுத்தூளும் கலந்த மசாலாப் பொட்டலம், குப்பியில் அடைத்த சல்சா என்று எல்லாம் அங்கே இருக்கும். அவற்றை வாங்கி வந்து, குக்கரில் நாலு விசில் விட்ட கறியை அடைத்தால் கிடைப்பது அமெரிக்கத் துரித உணவுக் கடையின் நிழல்தான். அச்சில் வளைத்த அந்த மொறுமொறு ஓட்டைப் பரப்பியவை அந்தக் கடைகள்தான். நான் சொல்ல வருவது இது: நின்று வெந்த மாட்டுக்கறி டாக்கோ இரண்டு மெதுவான வேலைகளால் ஆனது. முற்றிய கறியை இளக வைப்பது ஒன்று. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவிட்டு, ஊறப்போட்டு, அரைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேண்டிய பொருள் உக்கடத்துக்கும் உடுமலைக்கும் இடையிலேயே கிடைக்கிறது. கடல் கடந்து வர வேண்டியது முறை ஒன்றுதான். அதைப் பொட்டலத்தில் அடைத்து விற்க முடியாது.

கறியிலிருந்து தொடங்கலாம். மேலைநாட்டுச் சமையல் புத்தகம் மாட்டிறைச்சி என்று சொல்லும்போது, தீவனம் போட்டுக் கொழுக்க வைத்த இளம் மாட்டை நினைத்துக்கொண்டு சொல்கிறது. நமக்குக் கிடைப்பது வேறு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாமல் போன மாட்டையோ, நிரந்தரமாக முடங்கிப்போனதையோ மட்டுமே சான்று பெற்று அறுக்க விடுகிறது. 1976-இல் வந்த அரசாணை பசுவை முழுவதுமாக விலக்கியது. ஆக, சட்டப்படி கசாப்புக் கடைக்கு வருவது உழைத்து ஓய்ந்த காளையும் எருமையும்தான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் கைமாறுவதிலும் பெரும்பகுதி கேரளத்துக்குப் போய்விடுகிறது, மீதிதான் இங்கே. கொங்கு நாட்டு மாடு என்றால் நினைவுக்கு வரும் காங்கேயம், பாலுக்கோ கறிக்கோ பேர் போனதில்லை. இழுவைக்குப் பேர் போனது. மின்மோட்டார் வரும்வரை கிணற்றில் கவலை இறைத்ததும், லாரி வரும்வரை பாரவண்டி இழுத்ததும் அப்படிப்பட்ட காளைகள்தான். அந்தத் தோளிலும் முன்னங்காலிலும் நார் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘ரப்பர் மாதிரி இருக்கு’ என்று மாட்டுக்கறியைத் தள்ளி வைப்பவர்கள் மாட்டைக் குறை சொல்கிறார்கள். சமைத்த நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

மெக்சிகோவிலும் இந்த வகைச் சமையல் நல்ல துண்டிலிருந்து பிறக்கவில்லை. வட மெக்சிகோவிலும் டெக்சாஸ் எல்லையோரத்திலும் பார்பகோவா என்றால் மாட்டுத் தலை. குழி தோண்டி, கனல் போட்டு, மூடி, இரவெல்லாம் விட்டு, விடிந்ததும் எடுப்பார்கள். கன்னம் என்பது ஆயுள் முழுக்க அசைபோட்ட சதை, நாக்கும் அப்படித்தான். வேலை செய்த சதையில் இணைப்புத் திசு அதிகம். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம்தான் கடிக்க முடியாமல் செய்கிறது. மாடு முதிர முதிர அந்தக் கொலாஜன் தனக்குள்ளேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு இன்னும் இறுகும். ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்து, 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் நின்றால், அதே பொருள் கரைந்து ஜெலட்டினாகிவிடும். உதட்டில் லேசாக ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பு, கறி நூல் நூலாகப் பிரிந்தும் வறளாமல் இருப்பது, சாற்றின் கனம் எல்லாம் அதிலிருந்து வருபவை. இளம் மாட்டின் மெத்தென்ற துண்டில் இது கிடைக்காது. நம் கடைக் கறிதான் இந்தச் சமையலுக்கு ஏற்ற கறி என்று துணிந்து சொல்வேன்.

கடையில் கேட்க வேண்டியது முன்னங்கால் சதை எலும்போடு, தோள்பட்டை, கொஞ்சம் நெஞ்சுக்கறி. சுக்கா வறுவலுக்குப் போல பொடிப்பொடியாக நறுக்க விடக்கூடாது. கைப்பிடி அளவுத் துண்டாகவே வேண்டும். உப்பைத் தடவி முதல் நாள் இரவே வைத்துவிட்டால் நல்லது. அடி கனத்த எவர்சில்வர் குண்டா போதும். மூடி ஓரத்தைச் சப்பாத்தி மாவால் அடைக்கலாம். தம் பிரியாணி போடுபவர்களுக்குத் தெரிந்த வேலைதான். தீ எவ்வளவு என்றால், சாறு கொதிக்கக் கூடாது. எங்காவது ஓர் ஓரத்தில் எப்போதாவது ஒரு குமிழ் வந்து உடைய வேண்டும். கறி முக்கால்வாசிக்குமேல் முழுகினால் போதும். நாலு மணி நேரம் குறைந்தபட்சம். முற்றிய மாடு என்றால் ஐந்தரை வரை போகும். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் இரண்டாவது மணி. அப்போது எடுத்துப் பார்த்தால் கறி போட்டதைவிடக் கெட்டியாக இருக்கும். சதைநார் சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிட்டது, கொலாஜன் இன்னும் கரையவில்லை. பலரும் அங்கேதான் ‘இது வேகாது’ என்று முடிவு கட்டி, தீயைக் கூட்டிக் கெடுக்கிறார்கள். அந்த இடத்தில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மூடியைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

குக்கர் எதற்கு இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி; கொலாஜன் ஒரு மணிக்குள் கரைந்துவிடும், சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இரண்டு. அந்த வெப்பத்தில் சதைநார் மிக இறுக்கமாகச் சுருங்குவதால், கறி மெத்தென்று இருந்தும் உள்ளே சவசவவென்று வறண்டிருக்கும். அதோடு முன்னங்கால், தோள், நெஞ்சு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வேகாதவை; திறந்து பார்க்க முடியாத பாத்திரத்தில் ஒன்று பக்குவத்துக்கு வரும்போது மற்றொன்று கூழாகியிருக்கும். சாறும் வற்றாமல் நீர்த்தே இருக்கும். கேஸ் தீர்ந்துபோகும் என்று அஞ்சுபவர்கள் குக்கரில் இருபத்தைந்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகு, திறந்த பாத்திரத்தில் இன்னும் ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் விடலாம். முழுப் பலன் இல்லை, முக்கால் பலன் நிச்சயம். விறகடுப்பு இருக்கும் தோட்டத்து வீட்டில் இந்தக் கேள்வியே எழாது: கனலைச் சாம்பலால் மூடி அதன்மேல் பாத்திரத்தை ஏற்றிவிட்டால் மெக்சிகோக் குழியின் தத்துவம்தான். சூட்டைப் புதைத்து வைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு அது. யுகடான் பகுதியில் குழிக்கறியை வாழையிலையில்தான் பொதிகிறார்கள். மற்ற இடங்களில் மாகே என்னும் ஆனைக்கற்றாழையின் மடல்; நம் வேலியோரக் கற்றாழையின் சொந்தக்கார இனம்தான் அது. பச்சை மடலின் பால் பட்டால் அரிக்கும் என்பதால் நமக்கு வாழையிலையே போதும்.

மிளகாய் விஷயத்தில் அலைய வேண்டாம். குவாஹியோ, ஆஞ்சோ என்று மெக்சிகோ மிளகாயைப் பெயர் சொல்லித் தேடுகிறவர்கள், அவையும் நம் பியாட்கி மிளகாயும் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் ஒரே தாவர இனம் என்பதை மறந்துவிடுகிறார்கள். மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஒன்றரைக் கிலோ கறிக்கு விதை தட்டிய பியாட்கி பதினைந்து, குண்டு மிளகாய் ஐந்தாறு. வெறும் சட்டியில் நிறம் கறுக்காமல் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, சுட்ட தக்காளி, பூண்டு, சின்ன வெங்காயம், இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, அரை ஸ்பூன் சீரகத்தோடு நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். கொஞ்சம் வினிகர். மெக்சிகோ ஆரகனோவுக்குப் பதில் கற்பூரவல்லி இலை ஒன்று, ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் கஷாய வாசம் அடிக்கும். இதைக் கலந்த சாற்றில்தான் கறி வேக வேண்டும். இங்கே கை தானாகத் தேடுவது மல்லித்தூளை. நம் ஊர்க் குழம்பின் உடம்பே மல்லியால் ஆனது, செலவுச் சாமான் டப்பாவைத் திறக்காமல் கறி ஆக்குவது நமக்குப் பாவம் மாதிரி தோன்றும். ஆனால் மிளகாயைத் தனியாக நிற்க விடுகிற சமையலும் நம்மிடமே இருக்கிறது: பள்ளிபாளையம் சிக்கன். விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மசாலாத்தூள் கிடையாது. அதை ஆக்கத் தெரிந்த கைக்கு, மிளகாய்க்குக் காரம் மட்டுமல்ல பழவாசமும் உண்டு என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாட்டுக்கறி இந்த வட்டாரத்தில் எல்லா வீட்டு அடுப்பிலும் ஏறுவதில்லை என்பதையும் பேசாமல் விட முடியாது. பட்டிப் பொங்கலன்று மாட்டுக்குப் படைக்கிற வீடுகள் உண்டு. தலைமுறைகளாக அதைச் சமைத்துக் கைப்பக்குவம் கண்ட தலித், முஸ்லிம், கிறித்தவ வீடுகளும் உண்டு. மாட்டுக்கறி வேண்டாம் என்பவர்கள் ஆட்டில் செய்தால் போலியாகிவிடாதா என்று கேட்டால், கதை நேர் எதிரானது. மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் பிர்ரியா என்னும் இந்த மிளகாய்ச் சாற்றுக் கறி முதலில் ஆட்டுக்கறிதான். டிஹுவானா போன்ற இடங்களில் பின்னால்தான் மாடு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மாடே ஸ்பானியர் கப்பலில் அங்கே வந்ததுதான். முற்றிய வெள்ளாட்டுக் கிடாயில், மூன்று மணி நேரம் விட்டுச் செய்பவர் பழைய வடிவத்துக்கு இன்னும் நெருங்குகிறார். கோழியில் மட்டும் வேண்டாம். கரைய அதில் அதிகம் இல்லை.

இனி தானியம். எனக்கு இதுதான் வியப்பான பகுதி. மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை. முதல் இரண்டையும் நம் சமையல் விழுங்கித் தனதாக்கிக்கொண்டது. மூன்றாவதை நாம் கோழிக்குப் போட்டோம். உடுமலை, பல்லடம் பக்கம் விளைவதெல்லாம் பெரும்பாலும் பண்ணைத் தீவனத்துக்கே போகிறது. காரணம் சோளத்தின் குற்றம் இல்லை. கூடவே வர வேண்டிய சுண்ணாம்பு வரவில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை மெக்சிகோவில் நிஷ்தமால் என்பார்கள். அவர்களின் பழைய நாவாட்டில் மொழியில் அந்தச் சொல்லுக்குள் சாம்பல் இருக்கிறது. சுண்ணாம்பு மூன்று வேலை செய்கிறது. தோலைக் கழற்றுகிறது. மாவுக்கு ஒட்டுத்தன்மை தருகிறது; குளூட்டன் இல்லாத தானியம் சப்பாத்தி போல வட்டமாக நிற்பது அதனால்தான். கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட இத்தாலியிலும் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் ஏழைகள் அந்த வைட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் விழுந்தார்கள். அதைத் தொற்றுநோய் என்று பலர் நம்பியிருந்தபோது உணவுக் குறை என்று காட்டியவர் ஜோசப் கோல்ட்பெர்கர், 1910-களில். 2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலைப் பட்டியலில் சேர்த்தபோது இந்த முறையையும் அதன் அடித்தளங்களில் ஒன்றாகக் குறித்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை நாள்தோறும் கையில் வைத்திருந்த நாம், பக்கத்துத் தோட்டத்தில் விளைந்த சோளத்தோடு அதைச் சேர்க்கவில்லை என்பது ஒரு வேடிக்கை.

செய்முறை எளிது, எச்சரிக்கைகள் உண்டு. சாப்பாட்டுக்கென்று விற்கும், பூசணம் பிடிக்காத புதுச் சோளமாக வாங்க வேண்டும். மருந்து கலந்த விதைச் சோளம் கூடவே கூடாது. ஒரு கிலோவுக்கு நீற்றிய சுண்ணாம்புப் பொடி பத்துக் கிராம், மூன்று லிட்டர் தண்ணீர். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். நாற்பது நிமிடம் சிறுகொதியில் விட்டு, இரவு முழுக்க அதிலேயே ஊறவைத்து, காலையில் மஞ்சள் தோல் வழுக்கிப் போகும்வரை கழுவ வேண்டும். பிறகு அரைப்பது. இங்கேதான் கோயம்புத்தூர் எல்லா ஊரையும் முந்திக்கொள்கிறது. மெக்சிகோ மில்களில் எரிமலைக் கல் செய்வதை நம் வீட்டுக் கருங்கல் செய்கிறது. 1955-இல் சபாபதி என்பவர் இங்கே உருவாக்கிய, புவிசார் குறியீடும் பெற்ற வெட் கிரைண்டரை, அமெரிக்காவில் நிஷ்தமால் அரைக்கும் வீட்டுச் சமையல்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். கொக்கோ விதை அரைத்துச் சாக்லேட் செய்பவர்களும் அப்படியே. கண்டுபிடித்த ஊரில் அது இட்லிக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சிக்கல்: அது தண்ணீர் கேட்கும் கல், டாக்கோ மாவோ கெட்டியாக வேண்டும். கால் கிலோ கால் கிலோவாகப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைத்து, இளகிவிட்டால் வேட்டித்துணியில் கட்டி ஒரு மணி நேரம் கனம் ஏற்றி வைக்கலாம். உருட்டி அமுக்கினால் ஓரம் வெடிக்கக் கூடாது. கையில் ஒட்டவும் கூடாது.

இவ்வளவு எதற்கு, சப்பாத்தியிலோ பரோட்டாவிலோ சுற்றினால் ஆகாதா என்றால், ருசியாகத்தான் இருக்கும். உக்கடத்தில் பீஃபும் பரோட்டாவும் தின்றவர் யாரும் மறுக்க மாட்டார். ஆனால் அது வேறு பண்டம். நம் கறிக்குழம்பு சோற்றையோ பரோட்டாவையோ நனைப்பதற்காகப் பிறந்தது, சாறுதான் அதில் முதலாளி. டாக்கோ உள்ளங்கை அகல அடையில் நின்று தின்பது; சாறு ஒழுகினால் தோற்றது. அதனால் வெந்த கறியை வெளியே எடுத்துப் பிய்த்து, சாற்றைத் தனியே வடித்து, மேலே மிதக்கும் சிவந்த கொழுப்பை அகப்பையால் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வெட்டி விரித்த பால் கவர் இரண்டுக்கு நடுவே மாவு உருண்டையை வைத்துப் பூரிப் பிரஸ்ஸில் அமுக்கி, நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் இருபது நொடி, திருப்பி முக்கால் நிமிடம், மறுபடி திருப்பி விரலால் தட்டினால் உப்பும். உப்பினால் மாவும் சூடும் சரி. அதை ஒதுக்கிய கொழுப்பில் ஒரு புறம் தோய்த்து, கல்லிலேயே கறியை வைத்து மடித்து எடுத்து, பொடியாக அரிந்த பச்சை வெங்காயம், கொத்தமல்லித்தழை, எலுமிச்சை. குன்னூர்ப் பட்டர் ஃபுரூட் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை. சாறு தனிக் கிண்ணத்தில், உறிஞ்சிக் குடிக்க.

மீந்த சாற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலையில் பாருங்கள். கட்டியாகி, கரண்டியை நட்டால் சாயாமல் நிற்க வேண்டும். சாய்ந்தால் எலும்பு போதவில்லை, அல்லது அடுப்பைச் சீக்கிரம் அணைத்திருக்கிறீர்கள்.