அளவெடுக்க வேண்டியது அம்மாவை!

செருப்புக் கடையில் காலை நீட்டிக் காட்டுகிறோம். தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம். ஹெல்மெட் வாங்கினால்கூட நாலைந்தை மாட்டித் தலையை ஆட்டிப் பார்க்கிறோம். பிள்ளையைச் சுமக்கிற 'பேபி கேரியர்' வாங்கும்போது மட்டும் ஒரே கேள்விதான்: "குழந்தைக்கு எத்தனை மாசம்?" சுமக்கப் போகிறவர் குட்டையா நெட்டையா, ஒல்லியா குண்டா... ம்ஹூம், யாரும் கேட்பதில்லை.

(கேரியர் என்றதும் என் தலைமுறைக்கு ஞாபகம் வருவது சாம்பார், ரசம், பொரியல் அடுக்குதான். அதை விடுங்கள்.)

என் மகன் ஆறடி. மருமகள் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கம்மி. நாங்கள் பெரம்பலூர், அவள் பிறந்த வீடு அரியலூர் பக்கம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது அரியலூரும் எங்களோடுதான் இருந்தது. 2001-ல் பிரிந்தது, 2002-ல் சேர்ந்தது, 2007-ல் மறுபடியும் பிரிந்தது. மகன் ஆன்லைனில் வரவழைத்த கேரியரும் அப்படித்தான். மாட்டுவதும் கழற்றுவதுமாகவே ஒரு வாரம் ஓடியது.

பெட்டியில் 'ஃப்ரீ சைஸ்' என்று போட்டிருந்தது. ஃப்ரீ சைஸில் நான் வாங்கிய நைட்டி இன்றைக்கும் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது!

மகன் போட்டால் கச்சிதம். பேத்தியின் உச்சந்தலை அவன் மோவாய்க்குக் கீழே நிற்கும். அதையே மருமகள் போட்டால், பெல்ட்டைக் கடைசிவரை இழுத்த பிறகும் இடுப்பில் நிற்காமல் நழுவும். ஐந்து மாதப் பேத்தி அவள் வயிற்றுக்கு நேரே தொங்குவாள். பட்டை சிசேரியன் தழும்பில் உரசும். மொத்தக் கனமும் தோளில். "புள்ள பெத்தவளுக்கு முதுகு வலிக்கத்தானே செய்யும்" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவள் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, இது எனக்குத் தெச்சதில்ல. உங்க பையனுக்குத் தெச்சது."

ஒரே நிமிஷத்தில் விஷயத்தைப் பிடித்தவர் சம்பந்தியம்மாதான். பருத்திக் காட்டில் மடி கட்டிப் பழகியவர். "மடி இடுப்பெலும்பு மேல உக்காரணும் சம்பந்தி. கீழ எறங்குச்சுன்னா சாயங்காலம் நிமிர முடியாது. பஞ்சுக்கே அந்தக் கதி. இது புள்ள!"

முதுகு வலி மட்டும் என்றால் தைலம் தேய்த்துச் சமாளிக்கலாம். பெரிய பையைச் சின்ன உடம்பில் மாட்டினால் துணி தொளதொளவென்று கிடக்கும். உள்ளே குழந்தை சுருண்டு, மோவாய் நெஞ்சில் இடிக்கும். பிஞ்சுக் குழந்தைக்கு அப்படித் தலை கவிழ்ந்தால் மூச்சுப் பாதை அடைபடும்; அழக்கூட முடியாது. அதனால்தான் அம்மாவின் அளவு குழந்தையின் மூச்சு விஷயமும்கூட. முகம் எப்போதும் கண்ணில் படவேண்டும். மோவாய்க்குக் கீழே இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் தலை இருக்கவேண்டும். பல கேரியர்கள் குறைந்தது மூன்றரை கிலோ எடை கேட்கின்றன. நம் ஊரில் மூன்று கிலோவுக்குக் கீழே பிறக்கிற பிள்ளைகள் ஏராளம். ஆகவே பிறந்த ஜோரில் மாட்டாமல் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கால் விஷயமும் உண்டு. முழங்கால்கள் புட்டத்தைவிட உயரமாக, தவளை மாதிரி அகன்று இருந்தால்தான் தொடையெலும்பு இடுப்புக் குழியில் ஒழுங்காக உட்காரும். நம் பாட்டிகள் பிள்ளையை இடுப்பில் வைத்தது அப்படித்தானே! எங்கள் பக்கத்து நரிக்குறவப் பெண்கள் தோளில் துணி கட்டிப் பிள்ளையோடு ஊசிமணி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். முடிச்சு அவரவர் உடம்பில் விழுவதால் அங்கே சைஸ் பிரச்னையே இல்லை.

உயர வித்தியாசம் என்ன செய்யும் என்பதைச் சமயபுரத்திலும் பார்த்தோம். கரும்புத் தொட்டில் வேண்டுதல். கரும்பின் ஒரு முனை ஆறடித் தோளில், மறுமுனை ஐந்தடித் தோளில். நடுவில் கட்டிய சேலைத் தொட்டில் பேத்தியோடு அம்மா பக்கமே வழுக்குகிறது. "மாப்ள, முட்டிய மடக்குங்க!" என்று சம்பந்தியம்மா போட்ட சத்தத்தில் கோயிலே திரும்பியது. மாப்பிள்ளை அரை உட்காரலிலேயே பிராகாரம் சுற்றி முடித்தார்.

அங்கிருந்து திருச்சியில் ஒரு கடைக்குப் போனோம். மருமகள் கையோடு ஒரு பை கொண்டு வந்திருந்தாள். பேத்தியின் எடைக்குச் சரியாக ஆறரைக் கிலோ இட்லி அரிசி!

"அரிசி எதுக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"பாப்பா தூங்குதுண்ணே. அது வரைக்கும் இதுதான் பாப்பா."

மூன்றைப் போட்டுக் கழற்றினாள். நாலாவதில் சின்ன பெல்ட். தோள்பட்டை முதுகில் குறுக்காகப் போகிறது. அரிசியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் கால் மணி நேரம் நடந்தாள், குனிந்தாள், உட்கார்ந்து எழுந்தாள். பிறகு பேத்தியை எழுப்பி உட்கார வைத்து, உச்சியில் ஒன்று கொடுத்தாள். எட்டியது! மகனும் ஆசையாக மாட்டிப் பார்த்தான். "எனக்கு இறுக்குதும்மா" என்றான்.

"இதைக் கட்டிக்கிட்டு பைக்ல மட்டும் ஏறாதீங்க" என்று சொல்லியே பில் போட்டார் கடைக்காரர். நல்ல மனுஷர்.

இப்போது வீட்டில் இரண்டு பை. பெரியது அவனுக்கு, சின்னது அவளுக்கு. பாப்பாவாக நடித்த அரிசி அன்றிரவே ஊறப்போட்டாயிற்று.